மாற்றுத்திறனாளிகளுக்கும் மனநோயோடு வாழ்பவர்களுக்கும் சபையில் ஊழியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நீங்கள் போதகராக இருக்கலாம். அல்லது "இந்த ஊழியத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போதகர் உங்களிடம் ஒப்படைத்திருக்கலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதால் உங்களுக்கே இந்தப் பாரம் வந்திருக்கலாம். எப்படியானாலும் முதலில் மனதில் தோன்றுவது ஒரு நிகழ்ச்சிதான். வருடத்தில் ஒரு ஞாயிறு, மாற்றுத்திறனாளிகளை மேடைக்கு அழைத்து ஒரு பரிசு, ஒரு பாட்டு, ஒரு புகைப்படம். அதைத் தள்ளி வையுங்கள். அந்த நாள் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறு வாசலில் அதே படிக்கட்டுதான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது 6 பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். 2019 நிலவரப்படி 8 பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. 120 பேர் கூடுகிற சபைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: 20 பேருக்குக் குறைபாடு, 15 பேருக்கு மனநலப் பாதிப்பு, சிலருக்கு இரண்டும் இருக்கலாம். உங்கள் கண்ணுக்குத் தெரிவது மூன்று பேர்தான் என்றால், மற்றவர்கள் வீட்டோடு இருக்கிறார்கள், இல்லாவிட்டால் வெளியே சொல்லாமல் உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதலில் கேளுங்கள்

எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு கூப்பிட்டபோது, பார்வையில்லாத அவர் என்ன கேட்பார் என்று சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் இயேசு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). கூட்டம் அதற்கு முன்பு செய்தது வேறு: பேசாமல் இரு என்று அவரை அதட்டியது. சபைகளில் இன்றும் இந்த இரண்டும் நடக்கின்றன. அதட்டல் மட்டும் கொஞ்சம் மரியாதையான குரலில் வருகிறது.

"குறைபாடு உள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று ஆராதனை முடிவில் அறிவிக்காதீர்கள். யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவர்களும் மற்றவர்கள் பார்வையில் மாட்டிக்கொள்வார்கள். வீடு சந்திப்பாகப் போங்கள். இரண்டு பேராகப் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கூட்டமாகப் போய் நின்று பாட்டுப் பாட வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில் எது கஷ்டம்? வந்த பிறகு எது சிரமம்? யாராவது சொன்ன எந்த வார்த்தை உறுத்தியது? உங்களுக்குச் சபையில் என்ன செய்யப் பிடிக்கும்? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். அதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேசும்போது அந்த நபரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் "இவருக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பது, அந்த நபர் அங்கேயே இல்லை என்று சொல்வதற்குச் சமம். பேச்சு வராதவராக இருந்தாலும் அவரிடமே கேளுங்கள். கண் அசைவு, படம், போனில் தட்டச்சு என்று ஏதோ ஒரு வழியில் பதில் வரும். கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள். திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "எப்படி இப்படி ஆனது?" என்ற கேள்வி உங்களுக்குத் தேவையே இல்லை. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கேட்டது யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். போதகருக்கு மட்டுமா, ஞாயிறு பள்ளி ஆசிரியருக்குமா? ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவரின் நோய் விவரம் ஊர் முழுக்கப் பரவுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அனுமதி இல்லாமல் ஒருவர் பெயரையும் நோயையும் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போடக்கூடாது என்பதை உங்கள் குழுவின் முதல் விதியாக வையுங்கள்.

உபதேசத்தைச் சரிசெய்யுங்கள்

இதைக் கட்டட வேலைக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சாய்தளத்தில் ஏறி உள்ளே வருகிறவரிடம் "விசுவாசம் இருந்திருந்தால் இந்நேரம் நடந்திருப்பீர்கள்" என்று யாராவது சொன்னால், அவர் மறுவாரம் வரமாட்டார். பணமும் வீண். அதனால் போதகரோடும் மூப்பர்களோடும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடியுங்கள்.

குறைபாடு பாவத்தின் விளைவா? யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. ஆனாலும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் தாயிடம் "உங்கள் குடும்பத்தில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரசங்க மேடையிலிருந்து ஒருமுறை இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "குருட்டுத்தனம்", "செவிட்டுக் காது" போன்றவற்றைப் பாவத்துக்கு உருவகமாகப் பிரசங்கத்தில் வீசுவதையும் போதகர் கவனிக்கலாம். அந்த வரிசையில் பார்வையில்லாத ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

சுகத்துக்காக ஜெபிக்கலாமா? தாராளமாக, அவர் கேட்டால். கேட்காமல் ஒருவரின் தலைமேலோ சக்கர நாற்காலியின்மேலோ கை வைக்காதீர்கள். சக்கர நாற்காலி அவருடைய உடம்பின் ஒரு பகுதி மாதிரி. "இன்றைக்கு எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். மகளின் பரீட்சைக்காக, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக என்று பதில் வரும்போது புதியவர்கள் திகைப்பார்கள். ஜெபித்த பிறகு சுகம் கிடைக்காவிட்டால் பழியை அவர் விசுவாசத்தின்மேல் போடக்கூடாது. பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டும் முள் நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:8, 9). தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனத்துக்குப் பவுல் கைமருந்துதான் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). இவர்கள் விசுவாசத்தை யாரும் சந்தேகிப்பதில்லையே.

பிசாசு பற்றிய கேள்வி இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சபைக்குச் சபை போதனை மாறும். அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் மத்தேயு 4:24 நோயாளிகள், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகப் பட்டியல் போடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேதமே இடம் கொடுக்கவில்லை. உங்கள் சபை எந்தப் போதனையில் இருந்தாலும் மூன்று எல்லைகளை எழுதிவைத்துப் போதகரும் மூப்பர்களும் கையெழுத்துப் போடட்டும். யாரையும் கட்டி வைப்பதோ, அடிப்பதோ, பிடித்து அழுத்துவதோ, பட்டினி போடுவதோ கிடையாது. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தும்படி சபையில் யாரும், போதகர் உட்பட, சொல்லக்கூடாது. மனநிலை மாறியவராக ஒருவரைக் கொண்டுவந்தால் மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்பதே முதல் கேள்வி. இந்த மூன்றில் போதகருக்குச் சம்மதம் இல்லை என்றால் ஊழியத்தைத் தொடங்காதீர்கள். முதலில் அவரோடு பேசிக்கொண்டே இருங்கள்.

கட்டடமும் ஆராதனையும்

கப்பர்நகூமில் நான்கு பேர் தங்கள் நண்பருக்காகக் கூரையையே பிரித்தார்கள். நாம் ஒரு படிக்கட்டுக்காகக் கட்டடக் குழுவில் மூன்று கூட்டம் போடுகிறோம். சரி, அளவுகளைப் பார்ப்போம்.

சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு 1க்கு 12. வாசல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சாய்தளம் 360 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லை என்று செங்குத்தாகக் கட்டினால் அது ஆபத்து. பின்னால் இரண்டு பேர் தள்ளினாலும் ஏறாது, இறங்கும்போது கவிழும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். கதவு திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி குறைந்தது 80 சென்டிமீட்டர், முடிந்தால் 90. சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீட்டர் அகலம் தேவை. எல்லாரும் மறப்பது கழிப்பறையை. கழிப்பறைக்குப் போக முடியாது என்று தெரிந்ததால் சனிக்கிழமை இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் உண்டு. மேலே இருக்கிற ஒரு கழிப்பறையைவிடக் கீழே கைப்பிடியோடு அகலமான கதவு வைத்த ஒன்று முக்கியம்.

உட்காரும் இடத்துக்கு: வரிசைகளின் நடுவில் இரண்டு மூன்று நாற்காலிகளை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி குடும்பத்தோடு சேர்ந்து நிற்கும்படி இடம் விடுங்கள். எல்லாருக்கும் முன்னால் தனியாகவோ, கடைசியில் சுவரோரமாகவோ நிறுத்தாதீர்கள். அப்புறம், மேடைக்கும் சாய்தளம் வேண்டும். கீழே மட்டும் சாய்தளம் வைத்தால், நீங்கள் கேட்க மட்டும் வரலாம், பேச வரமுடியாது என்று கட்டடமே சொல்லிவிடுகிறது.

கட்டடத்துக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசே இல்லாமல் இந்த ஞாயிறே செய்யக்கூடியவை நிறைய உண்டு. "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்பதை "முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று மாற்றலாம். பாடல் வரிகளையும் வேத பகுதியையும் முந்தின நாளே போனுக்கு அனுப்பிவிட்டால், பார்வையில்லாதவர்கள் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்டுவிட்டு வருவார்கள். படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாக அனுப்புங்கள். படத்திலிருக்கும் எழுத்து அந்த மென்பொருளில் பல நேரம் சரியாக வராது. மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு 18 புள்ளி அளவிலோ அதற்கு மேலோ அச்சடித்துக் கொடுங்கள். பிரெயில் வாசிப்பவர்கள் யார் என்று கேட்டுவிட்டு பிரெயில் வேதம் வாங்குங்கள். பார்வையில்லாத எல்லாருக்கும் பிரெயில் தெரியாது, வயதான பிறகு பார்வை இழந்தவர்கள் பெரும்பாலும் ஒலியைத்தான் நம்புவார்கள். வழிகாட்டும்போது அவர்கள் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர்கள் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார்கள்.

காது கேளாதவர்களுக்குச் சைகை மொழி ஒரு முழு மொழி. பேச்சு மொழியின் நகல் இல்லை. ஒரு வாரப் பயிற்சியில் நாலு சைகை கற்றுக்கொண்டவரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தினால் பிரசங்கம் போய்ச் சேராது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர், பிரசங்கியார் பக்கத்தில், முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். காது கேட்கும் கருவி போடுபவர்களுக்கு லூப் என்கிற கம்பி வளைய அமைப்பு மைக்கின் ஒலியை நேராக அந்தக் கருவிக்கே அனுப்பும். சத்தத்தைக் கூட்டினால் அவர்களுக்கு நன்றாகக் கேட்கும் என்பது தவறு, எதிரொலிதான் கூடும். பொதுவாகவே ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும், நினைவாற்றல் குறைந்த முதியவர்களுக்கும், பதற்ற நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஒரு மாற்றம் பெரிய உதவி. மின்னி மின்னி அணையும் விளக்குகள் வேண்டாம். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும்.

வலிப்பு வந்துவிட்டால்: சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்துங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். சத்தமாகச் சுற்றி நின்று ஜெபிக்க வேண்டாம். மனதுக்குள் ஜெபித்தாலும் தேவனுக்குக் கேட்கும்.

திருவிருந்தை முன்னால் வரமுடியாதவர்களின் இருக்கைக்கே கொண்டுபோங்கள், கடைசியாக இல்லாமல் மற்றவர்களோடு சேர்த்தே கொடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கை ரசத்தில் நனைத்துக் கொடுக்கலாமா என்று அவரிடமோ பராமரிப்பவரிடமோ முன்பே கேளுங்கள். சிலருக்குத் தண்ணீர்போல ஓடும் திரவம்தான் ஆபத்து.

பிள்ளைகள்

பெற்றோர் சபையை விட்டுப் போவதற்கு ஞாயிறு பள்ளிதான் பல நேரம் காரணம். "உங்கள் பையன் மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறான்" என்ற ஒரு வரி போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு துணை என்று ஒருவரை நியமியுங்கள். அவர் வேலை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். வகுப்பில் அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பாட்டு, கதை, வண்ணம் தீட்டுதல், வீடு என்று படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்தது என்ன என்று தெரியாத பயம்தான் பல பிள்ளைகளை அலற வைக்கிறது. வெளிச்சமும் சத்தமும் குறைந்த ஒரு சின்ன அறை இருக்கட்டும். அது தண்டனை அறை இல்லை என்பதைப் பிள்ளைக்கும் உதவியாளர்களுக்கும் சொல்லிவையுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டாம். கையை ஆட்டிக்கொண்டே கதை கேட்கிற பிள்ளை கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ கேட்டால், கேள்வி பதிலை மனப்பாடம் சொல்ல முடியவில்லை என்று தள்ளிவைக்காதீர்கள். மற்றவர்கள் மனப்பாடம் சொன்னதில் எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று நாம் அளந்து பார்த்தோமா என்ன?

மனநோயோடு வாழ்பவர்கள்

சாய்தளம் போல இதற்கு ஒரு அளவு கிடையாது. அதனால்தான் பலர் இதைத் தொடுவதில்லை. மனமுறிவில் சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது பிரசங்கம் இல்லை: தூக்கம், அப்பம், தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு (1 இராஜாக்கள் 19). பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். நீங்கள் போகும்போது கையில் ஏதாவது செய்து கொடுக்கும் வேலையோடு போங்கள்: சமைத்த சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவது, மருத்துவமனைக்கு வண்டி. "சந்தோஷமாக இருங்கள்", "நன்றி சொல்லப் பழகுங்கள்", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" ஆகிய மூன்றும் வேண்டாம். என்ன வாசிப்பது என்று தெரியாவிட்டால் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படி ஒன்று வேதத்தில் இருக்கிறது என்பதே பலருக்கு ஆறுதல்.

மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைப்பது நல்லது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். "ஒரு வாரமாகச் சாப்பிட்டும் ஒன்றுமில்லை" என்று நிறுத்திவிடுவார்கள், தொடரச் சொல்லுங்கள், மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். சில மருந்துகள் தூக்கம், கை நடுக்கம், எடை கூடுதல் கொடுக்கும். பிரசங்க நேரத்தில் தூங்குகிறவரை எழுப்பிக் கண்டிக்கும் முன் இதை நினையுங்கள்.

சபைப் பழக்கங்களில் மூன்று இடங்களில் தனிக் கவனம் வேண்டும். ஒன்று, உபவாச ஜெபம். மனநிலை சில காலம் அளவுமீறி எழும்பி (மனவெழுச்சி), சில காலம் சோர்ந்து விழுகிற பைபோலார் நோய்க்கு லித்தியம் என்ற மருந்து எடுப்பவர்கள் உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகலாம். அதனால் உபவாசம் அறிவிக்கும்போதெல்லாம் "மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மட்டும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு, முழு இரவு ஜெபம். பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது மனவெழுச்சியைத் தூண்டக்கூடும். அவர் ஒன்பது மணிக்கே கிளம்பிப் போகலாம், யாரும் ஏளனமாகப் பார்க்கக்கூடாது. மூன்று, காணிக்கை. மனவெழுச்சியில் இருப்பவர் தூங்காமல், நிறுத்தாமல் பேசி, வீட்டையே சபைக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்வார். அதை எழுப்புதல் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். குடும்பத்தோடு பேசுங்கள், அவர் தேறிய பிறகு மறுபடி கேளுங்கள்.

இன்னொரு வகை, சபைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேனோ" என்று ஒருவர் உங்களிடம் வந்து கேட்பார். தேற்றி அனுப்புவீர்கள். மறுநாள் அதே கேள்வி, அதற்கு மறுநாளும். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் பக்தியின் வடிவத்திலும் வரும். ஒவ்வொரு முறையும் தேற்றுவது அந்தச் சுழற்சிக்குத் தீனி போடுகிறது. "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன், உங்கள் சிகிச்சையாளரோடு பேசியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்" என்று அன்பாகச் சொல்லி நிறுத்தக் கற்க வேண்டும். சிகிச்சையாளர் இன்னும் இல்லை என்றால் ஒருவரிடம் கொண்டுபோவதே உங்கள் உதவி.

மனச்சிதைவு உள்ளவர் "பக்கத்து வீட்டுக்காரர் என் எண்ணங்களைக் கேட்கிறார்" என்று சொன்னால் வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "அது பயமாக இருக்கும், இல்லையா? நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பது போதும். வன்முறை பற்றிய பயம் மிகைப்படுத்தப்பட்டது. மனநோய் உள்ள பெரும்பாலானவர்கள் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேராகக் கேளுங்கள்: "உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டதால் மூச்சு விட்டவர்கள் உண்டு. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்துகளையும் ஆபத்தான பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்கோ உங்கள் நாட்டின் நெருக்கடி உதவி எண்ணுக்கோ கொண்டுபோங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படி ஒரு மரணம் நடந்துவிட்ட குடும்பத்துக்கு அடக்க ஆராதனையை மறுப்பதோ, அங்கே நின்று நரகத்தைப் பற்றிப் பேசுவதோ மன்னிக்க முடியாத கொடுமை.

குழுவில் நாலைந்து பேராவது முறையான பயிற்சி எடுக்கட்டும். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜார்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இன்று பல நாடுகளில் கிடைக்கிறது. அதை முடித்தவர் மருத்துவர் ஆகிவிட மாட்டார். எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர் ஆவார்.

பாதுகாப்பு

நல்ல ஊழியக்காரர்தானே, விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1964இல் பிரான்சில் ழான் வானியே, அறிவுசார் குறைபாடுள்ளவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் பரவியது. பரிசுத்தவான் என்றே பலர் அவரை நினைத்தார்கள். அவர் 2019இல் இறந்தார். 2020இல் லார்ஷ் அமைப்பே விசாரணை அறிக்கை வெளியிட்டது: ஆவிக்குரிய ஆலோசனை என்ற பெயரில் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்திருந்தார். 2023இல் வந்த விரிவான அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25 ஆனது. அந்தப் பெண்கள் குறைபாடுள்ளவர்கள் இல்லை என்று அறிக்கை சொன்னது. அந்தச் சமூகங்களில் நடந்த நல்ல பணி பொய்யில்லை. ஆனால் கேள்வி கேட்கப்படாத ஒரு ஆலோசகர் இருந்தார், மூடிய கதவு இருந்தது.

அதனால் விதிகள் எளிமையாக, விதிவிலக்கு இல்லாமல் இருக்கட்டும். ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடோ குறைபாடுள்ளவரோடோ மூடிய அறையில் இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். கழிப்பறை உதவியை யார் செய்வது என்பதை அந்த நபரும் குடும்பமும் முடிவு செய்யட்டும். ஆலோசனை கொடுப்பது கண்ணாடிக் கதவுள்ள அறையில். அவர்கள் பணத்தையோ வங்கி அட்டையையோ ஊழியக்காரர் கையாளக்கூடாது. புகார் வந்தால் போதகருக்கு வெளியே ஒருவரிடம் சொல்லும் வழியும் வேண்டும். சட்டப்படி காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதைச் சபைக்குள் "சமாதானம்" பேசி முடிக்கக்கூடாது.

குடும்பங்கள்

பராமரிக்கிற தாய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு என்பது ஜெபக் கூட்டத்தைவிடப் பெரிய ஊழியம். பயிற்சி பெற்ற இரண்டு பேர் போய்ப் பிள்ளையோடு இருங்கள், அவர் தூங்கட்டும், கடைக்குப் போகட்டும். கூடப்பிறந்தவர்களையும் மறக்காதீர்கள். வீட்டில் எல்லாக் கவனமும் ஒருவர்மேல் போகும்போது, நல்ல பிள்ளையாக இருந்தே களைத்துப்போகிற அண்ணனோ தங்கையோ இருப்பார்கள்.

"எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பது எல்லாப் பெற்றோருக்கும் உள்ள கேள்வி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி நழுவ வேண்டாம். பெல்ஜியத்தில் கீல் என்ற ஊர் இருக்கிறது. புனித டிம்ப்னாவின் ஆலயத்துக்குச் சுகம் தேடி வந்த மனநோயாளிகளை 13ஆம் நூற்றாண்டு முதலே ஊர்க்குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்தன. 1850இல் அது அரசின் மேற்பார்வைக்குள் வந்தது. 1930களின் இறுதியில் அங்கே 3,500க்கும் மேற்பட்டவர்கள் அப்படி வீடுகளில் வாழ்ந்தார்கள். எண்ணிக்கை இன்று மிகவும் குறைந்துவிட்டாலும் வழக்கம் நிற்கவில்லை. வந்தவர்களை வீட்டு வேலையில், வயல் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு மருத்துவமனை துணைக்கு நின்றது. உங்கள் சபை ஒரே நாளில் கீல் ஆகாது. ஆனால் பெற்றோர் இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரை அழைத்துப் பாதுகாவலர், சொத்து, உயில் பற்றி ஒரு கூட்டம் நடத்தலாம். அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் அல்லாத மூன்று வீடுகள் பழக்கமாகும்படி செய்யலாம்.

உதவி பெறுகிறவரிலிருந்து ஊழியரை நோக்கி

இதுவரை சொன்ன எல்லாமே, ஒருவர் சபையில் வசதியாக உட்காரும் நிலை வரைக்கும்தான். சரீரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே அதிகம் தேவையானவை என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 12:22) உபசாரப் பேச்சு இல்லை என்றால், அவர்களுக்கு வேலை இருக்க வேண்டும். ஜோனி எரெக்சன் டாடா 1967இல் தண்ணீரில் குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தார். 1979இல் அவரே மாற்றுத்திறனாளிகளுக்கான ஊழிய அமைப்பு ஒன்றைத் தொடங்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். எல்லாரும் அப்படிப் பெரிய ஆளாக வேண்டும் என்பதில்லை. வாசலில் வரவேற்பது, வேதம் வாசிப்பது, காணிக்கை எண்ணுவது, இசைக் குழு, வீட்டு ஜெபத்தை நடத்துவது எதுவாகவும் இருக்கலாம். திருத்தமாகப் பேச வராதவர் வேதம் வாசித்தால் சபை பொறுமையாகக் கேட்கப் பழகும்.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்: சாட்சி சொல்வது. வருடா வருடம் ஒரே கதையைச் சொல்லி மற்றவர்களை அழவைப்பது அவர்கள் வேலை இல்லை. விருப்பப்பட்டால் சொல்லட்டும். மனநோயிலிருந்து தேறியவர் சாட்சி சொல்ல ஆசைப்பட்டால், நோய் திரும்பினால் இதே சபைக்கு வர வெட்கப்படாதபடி சொல்லவேண்டிய அளவை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். புகைப்படத்தைச் சபையின் முகநூல் பக்கத்தில் போடும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

தொடங்கும் மாதத்தில் ஐந்து வீடுகளைச் சந்தித்து, மேலே சொன்ன மூன்று எல்லைகளைப் போதகரோடு எழுதி முடித்து, ஒலிபெருக்கியைக் குறைத்து, ஒரு வரிசையில் நாற்காலிகளை எடுத்தாலே நல்ல தொடக்கம்தான். ஊழியக் குழுவில் பாதிப் பேராவது குறைபாட்டோடோ மனநோயோடோ வாழ்பவர்களாக இருக்கட்டும். முதல் கூட்டத்திலேயே அவர்கள் "இந்த ஊழியத்தின் பெயரே எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லலாம். பேனர் அடித்துவிட்டோமே என்று பார்க்காமல் பெயரை மாற்றுங்கள்.